ஈரம் எவ்ளோ, மாமா?

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
20 அக்டோபர் 2024

அருமை மருமகள் சங்கமித்ராவுக்கு, உன் தாய்மாமனும், இன்ஸ்டிட்யூட்டின் முப்பத்தோராண்டு கால லேப் அட்டெண்டரும், ஆஸ்டின் டவுனின் முடிசூடா மன்னனுமாகிய நாகேஷ் எழுதுவது. ஜெய்பீம். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனிக்குடித்தனம் போயிருக்கிறது. ஸ்வீடனில் உன் உடம்பு எப்படி என்று எழுது.

போனில் பேசினால் உன் அம்மா லட்சுமம்மா நடுவில் புகுந்து, "அங்க சோறு கெடைக்குதா, கொழம்புக்கு இன்னா பண்றே?" என்று கேட்பதிலேயே பேச்சு முடிந்துபோகிறது. ஆகவே கடிதம்.

இப்போது நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று நெஞ்சில் கைவைத்து முதலிலேயே உறுதி கொடுக்கிறேன். நீ நம்பிவிட்டால் அவமானம் எனக்குத்தான்.

இங்கே ஆறு நாளாக மழை. சிவாஜிநகரில் நான் ஏறிய பஸ், கிளம்பிய ஐந்தாவது நிமிடம் மிதக்க ஆரம்பித்தது. டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் துடுப்புப் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் மறுபடியும் சிவாஜிநகர். கண்டக்டர் நியாயஸ்தர். "ஏறின எடத்துலயே எறங்கறீங்க, டிக்கெட் செல்லாது, குடுங்க" என்று திருப்பி வாங்கிக்கொண்டார். மீதி தூரம் நீந்தித்தான் லேப்புக்குப் போனேன். அங்கே ஹாட் பிளேட் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. நூறு டிகிரி. "இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா, குளுருது" என்றது. கன்னடத்தில்தான் சொன்னது, உனக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

உன் இடத்துக்கு ஹரிஷ்குமார் என்று ஈரோட்டுக்காரன் ஒருவன் ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறான். உன் சோலார் தகட்டைத்தான் அவனும் செய்து பழகுகிறான். ஊர் உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் காற்றும் ஈரமும் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியாகக் கையை நுழைத்து, கண்ணாடித் துண்டில் உப்புக் கரைசலைச் சொட்டிச் சூடேற்றிக் கறுக்கவைக்கிற பெரோவ்ஸ்கைட் தகட்டை, திறந்த மேஜையில், நாமெல்லாம் இருமித் தும்முகிற இதே காற்றில் செய்து காட்டியவள் என் மருமகள் என்று காலை ஒன்று மாலை ஒன்று மாத்திரை மாதிரி அவனுக்குச் சொல்லிவருகிறேன். ஆனால் ஆளுக்கு மரியாதை போதாது. நீ உள்ளேயிருந்து, கையில் சொட்டுக்குழாயோடு, "ஈரம் எவ்ளோ, மாமா?" என்று கத்துவாய். அலமாரிக்குப் பின்னால் சுவரில் இருக்கிற ஈரப்பத மீட்டரைப் பார்த்து நான் ஸ்டூலில் இருந்தபடியே பதில் கத்துவேன். இவன் என்னைக் கேட்பதே இல்லை. எழுந்து வந்து தானே பார்த்துக்கொள்கிறான்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு, மழையில் பாதி கரைந்துபோன உன் மாமா,
நாகேஷ்


லுண்ட், ஸ்வீடன்
11 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு, ஜெய்பீம். நான் நலம். நீங்கள், அம்மா, தனிக்குடித்தனம் போன முழங்கால் எல்லாரும் நலம்தானே?

உங்கள் பஸ் கதையை பஸ்ஸில் நின்றபடி படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். இங்கே பஸ்ஸில் யாரும் சிரிப்பதில்லை. நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது. ரூமுக்கு வந்து விளக்கைப் போட்டால், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா, வேலை சரியாக வரவில்லை. ஈரத்தை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்கிற ஒரு பெட்டி தந்திருக்கிறார்கள். நாற்பது சதவீதம் என்று வைத்தால் நாற்பதிலேயே நிற்கும். நம் அறையில் நான் நல்ல தகடுகள் செய்தபோது நாற்பதுதானே? அதே கரைசல், அதே உப்பு, அதே சூடு. அங்கே பளபளவென்று கறுத்து வந்த படலம் இங்கே காய்ந்த சேறு மாதிரி வருகிறது. அங்கே வெயிலில் பத்தொன்பது சதவீதத்தை மின்சாரமாக்கியது, இங்கே பதினொன்றைத் தாண்டவில்லை. இதுவரை நூற்றறுபது கண்ணாடி ஆயிற்று.

கொரியாவில் ஒரு குழுவும் என் கட்டுரையைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். வரவில்லை என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டார்கள். மே 31க்குள் நான் காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். என் பட்டமும் இந்த ஊர் வேலையும் அந்த ஒரு கட்டுரையின் மேல்தான் நிற்கின்றன.

2023 ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த அறையில் நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது இருந்ததா? யோசித்துச் சொல்லுங்கள். அந்த மாதங்களின் ஈரப்பத ரிஜிஸ்டரையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அம்மாவிடம் இதெல்லாம் சொல்ல வேண்டாம். சோறு கிடைக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் மித்ரா


ஆஸ்டின் டவுன்
1 டிசம்பர் 2024

மாமணியாம் மருமகளுக்கு, ஜெய்பீம். யாவரும் சுகம். முழங்கால் மட்டும் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறது.

அந்த அறையில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறாய். என்ன இல்லை என்று கேட்டிருந்தால் கடிதம் சுருக்கமாக முடிந்திருக்கும். முதலாவது, காசநோய் பிடித்த ஏ.சி. அது இருமினால் மேல்மாடியில் கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டில் குடுவைகள் உடையும். இரண்டாவது, உன் வழிகாட்டி மமதா மேடத்தின் பார்வை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் ஹாட் பிளேட் தேவையில்லை, கண்ணாடி தானே வெந்துவிடும். ஸ்வீடனில் அந்தப் பார்வைக்கு எங்கே போவாய்?

ஆனால் மூலகாரணம் அடியேன்தான். தினமும் மதியம் சிவாஜிநகரில் சீக் கபாப் தின்றுவிட்டு வந்து, உன் மேஜைக்கு நேரே நின்று பெருமூச்சு விடுவேனே. அந்தப் பூண்டுக் காற்றுதான் உன் தகட்டுக்கு உயிர் கொடுத்தது. கொரியாக்காரனுக்கு எழுது: பூண்டு போடு, மாமன் ஒருவனைப் பக்கத்தில் நிறுத்து, எல்லாம் வரும்.

ரிஜிஸ்டரைக் கரையான் அரித்துவிட்டது. சும்மா இல்லை, பக்கம் பக்கமாகப் படித்து அரித்திருக்கிறது. அதில் இரண்டு கரையான் இப்போது பிஎச்.டி.க்கு விண்ணப்பித்திருக்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

பூண்டு வாசத்துடன்,
நாகேஷ் மாமா


லுண்ட்
22 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு, ஜெய்பீம். நான் நலமே. லேசாகச் சளி.

ஹரிஷுக்கு மெயில் போட்டேன். அன்று மாலையே ரிஜிஸ்டர் பக்கங்களை அனுப்பிவிட்டார். கரையான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. 40, 41, 40, 39, 40. ஒருநாள் தவறாமல். ஆக ஈரம் சரிதான். வேறு ஏதோ ஒன்று.

பூண்டு பற்றி நீங்கள் விளையாட்டுக்குத்தான் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமா, பூண்டில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் சேர்த்தால் படலம் நன்றாக வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தேன். இங்கே புரொபசரிடம், காரணத்தைச் சொல்லாமல், கந்தகச் சேர்மம் மூன்று வகை வாங்கித் தரச் சொன்னேன். ஜனவரி முழுக்க அதைத்தான் செய்யப்போகிறேன். சிரிக்காதீர்கள். வேறு வழி தெரியவில்லை.

நீங்கள் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்வாள். நான் வகுக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது அந்த எண்ணை மட்டும்தான். அதனால்தான் கட்டுரையின் கடைசியில், ஈரப்பத அளவுகளை எடுத்துத் தந்த நாகேஷுக்கு நன்றி என்று போட்டேன்.

நாலு ஞாயிறாகப் போன் அடிக்கிறேன். நீங்கள் எடுக்கவில்லை. அம்மா எடுத்தால் நீங்கள் கடைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறாள். என்ன கடை மாமா அது?

மித்ரா


ஆஸ்டின் டவுன்
16 ஜனவரி 2025

அன்பு மருமகளுக்கு, ஜெய்பீம். நலம், நலமே.

பொங்கல் நன்றாக நடந்தது. பானை பொங்கி வழிந்து ஆஸ்டின் டவுன் மைதானம் வரை ஓடியது என்று எழுதலாம். எழுதிவிட்டேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்ன எழுதுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"போன் அடிச்சிகினே கீது, எட்றா. பொண்ணு கூப்புடுது."

"கையில மாவு."

"நீ எப்போடா மாவு பெசைஞ்சே? அவ கேக்கறதுக்கு ஒரு வார்த்த பதில் சொல்லக் கூடாதா? வாயத் தொறந்தா மூட மாட்டே. இப்போ இன்னா வந்துச்சு உனுக்கு?"

ஒன்றும் வரவில்லை. வயதாகிறது. இரண்டு பஸ் மாறிப் போகிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் பேச்சு வருவதில்லை. ஹரிஷ்குமாருக்கும் தகடு சரியாக வரவில்லை. அவனும் உன்னை மாதிரியே கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறான்.

பூண்டை விட்டுவிடு.

நாகேஷ்


லுண்ட்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா, ஜெய்பீம். எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

கந்தகம் மூன்றும் வீண். ஆறு வாரம், தொண்ணூற்றாறு கண்ணாடி. கழுவிக் கழுவி விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. கையுறைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். நேற்று புரொபசர் கூப்பிட்டு, மே வரைக்கும்தான் இது, பிறகு வேறொருவருடைய வேலையில் சேர்ந்துகொள் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அறைக்கு வந்து பத்து மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோதும் தூங்கியது மாதிரி இல்லை.

உங்கள் கடிதம் அப்போதுதான் வந்தது. ஐந்து வயதிலிருந்து உங்கள் கதை கேட்கிறேன் மாமா. "பூண்டை விட்டுவிடு." இவ்வளவு சின்ன வாக்கியத்தை நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஏன் விட வேண்டும்? அந்த மழைக்காலத்தில் என்ன நடந்தது?

மித்ரா


ஆஸ்டின் டவுன்
9 மார்ச் 2025

சங்கமித்ராவுக்கு, ஜெய்பீம். இங்கே நலம்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நாலும் படிக்க நன்றாக இருந்தன. அதனால்தான் கிழித்தேன்.

2023 ஜூலை 17, திங்கட்கிழமை, சுவர் மீட்டர் செத்துப்போனது. திரையில் ஒன்றும் இல்லை. பேட்டரி மாற்றினேன், வரவில்லை. ஸ்டோர்ஸில் புது மீட்டருக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் என்றார்கள். அக்டோபர் மூன்றாம் தேதி வந்தது.

பதினெட்டாம் தேதி காலையில் நீ உள்ளேயிருந்து கத்தினாய், ஈரம் எவ்ளோ மாமா என்று. அதற்கு முந்தின வாரம்தான் மமதா மேடம் இதை நிறுத்திவிட்டு வேறு வேலை எடு என்று சொல்லியிருந்தார். நீ முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "கண்ல தூசி மாமா" என்றாய். மீட்டர் போய்விட்டது என்று நான் சொன்னால் அன்றைய நாள் போயிற்று. ஐம்பதுக்கு மேல் என்றாலும் நீ மூடி வைத்துவிடுவாய். கையில் சொட்டுக்குழாயைப் பிடித்துக்கொண்டு நீ காத்திருந்தாய். நான் வெறும் திரையைப் பார்த்து, "நாப்பது" என்றேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்ணாடி கறுத்தது. ஓடிவந்து அதில் என் முகத்தைக் காட்டினாய்.

மறுநாள் கேட்டாய். நாற்பது என்றேன். பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. நாற்பது என்று சொன்னால்தான் கறுக்கும் என்று நம்பிவிட்டேன். வேறு எண் சொன்னால் ராசி போய்விடும் என்று பயம். தினமும் சொன்னேன், தினமும் கறுத்தது. ரிஜிஸ்டரில் மட்டும், பார்க்கிறவர்களுக்கு நிஜமாகத் தெரியட்டும் என்று நடுநடுவே 41, 39 போட்டேன். உன் கட்டுரையில் உள்ள தகடுகள் அத்தனையும் அந்தப் பதினொரு வாரத்தில் செய்தவை.

உண்மையில் எவ்வளவு இருந்தது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. வெளியே மழை. துடைக்கிற துணி மூன்று நாளைக்குக் காயவில்லை. புது மீட்டர் வந்த அன்று அறுபத்தொன்று காட்டியது. அதைச் சொன்னேன். "இன்னிக்கு வேணாம் மாமா" என்று நீ மூடி வைத்துவிட்டாய்.

என் பெயர் போட்ட அந்தப் பக்கத்தை உன் அம்மா சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நவம்பரிலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பூண்டு என்று எழுதினேன். நீ ஆறு வாரம் கை உரியக் கழுவியிருக்கிறாய்.

நாளை காலையில் மேடத்திடம் சொல்லிவிடுகிறேன்.

நாகேஷ்


ஆஸ்டின் டவுன்
13 ஏப்ரல் 2025

சங்கமித்ராவுக்கு, ஜெய்பீம். நீ நலம் என்று உன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அதுவே போதும்.

பதில் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நாகேஷ், அந்தப் பொண்ணு கேட்டப்போ 'கொத்தில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. ஏன் சொல்லல?"

தெரியாது என்பதற்குக் கன்னடத்தில் அந்த ஒரு சொல்தான். முப்பத்தோரு வருடமாக அந்த இன்ஸ்டிட்யூட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பெரிய பெரிய புரொபசர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். என் வாயில் அது ஒருமுறையும் வந்ததில்லை. "பழக்கமில்லைங்க மேடம்" என்றேன்.

மெமோ வந்தது. லேப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கிறேன். லேப்புக்குள் போக அனுமதி இல்லை. சைக்கிள்கள் எதுவும் கேட்பதில்லை. எத்தனை நிற்கின்றன என்று காலையில் எண்ணிப் போர்டில் எழுத வேண்டும். இரண்டு தடவை எண்ணுகிறேன்.

இன்று விகாரையில் பஞ்சசீலம் சொன்னோம். நாலாவது சீலம் வரும்போது நான் எப்போதும் இருமுவேன், தெரியுமல்லவா, பொய் பேசுவதில்லை என்கிற இடத்தில். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். இன்று இருமவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

உன் அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு நாள் எனக்குச் சோறு வைக்கிறபோது தட்டு சத்தம் போட்டது. சட்டத்தைக் கழற்றிவிடு என்றேன். "அது அவ எழுதினது. அவ சொன்னா கழட்றேன். நீ யாரு சொல்றதுக்கு?" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நாகேஷ்


லுண்ட்
11 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு, ஜெய்பீம். நலமாக இருக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? நின்றபடியே வேலையா, ஸ்டூல் கொடுத்திருக்கிறார்களா?

கோபத்தில் எழுதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். பாதி கோபம்தான். மீதி, உட்கார்ந்து எழுதத் தெம்பு இல்லை.

ஏப்ரல் 24ஆம் தேதி கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மேடமும் போட்டார். எண் தப்பாக இருந்திருந்தால் திருத்தியிருப்பேன். என்னிடம் எண்ணே இல்லை மாமா. காரணம் என்ற இடத்தில், ஈரப்பதம் அளக்கப்படவில்லை என்று மட்டும் எழுதினேன். யார் அளக்கவில்லை என்று எழுதவில்லை. அந்த மீட்டர் என் மேஜையிலிருந்து பத்தடி. பதினொரு வாரத்தில் ஒருநாள்கூட நான் எழுந்து வந்து பார்க்கவில்லை.

பட்டம் நிற்குமா என்று ஜூலையில் குழு கூடிச் சொல்லும். இங்கே இப்போது வேறொருவருடைய வேலையில் இருக்கிறேன். டிசம்பரோடு அதுவும் முடிகிறது.

நீங்கள் எனக்குப் பத்தாயிரம் பொய் சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொன்றும் பொய் என்று எனக்குத் தெரியும். அதனால் அவையெல்லாம் பொய்க் கணக்கில் வராது. இந்த ஒன்றுதான் பொய். இதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தத் தகடுகள் கறுத்தது நிஜம். பத்தொன்பது சதவீதம் நிஜம். நானே அளந்தேன். அப்படியானால் அவை எந்த ஈரத்தில் பிறந்தன? ஐம்பதுக்கு மேல் ஆகாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் நம்பினேன், ஒருமுறையும் முயன்று பார்க்கவில்லை. இங்கே பெட்டியை அறுபதில் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். முடிந்துபோன விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். மேடத்துக்கும் ஹரிஷுக்கும் எழுதியிருக்கிறேன், இந்த மழையில், நல்ல மீட்டர் வைத்து, ஒருமுறை செய்து பாருங்கள் என்று. வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

சட்டத்தை அம்மா கழற்ற வேண்டாம். நீங்கள் பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள்.

கதை எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கடைசி இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு, யாரோ வேற்றாள் எழுதியது மாதிரி பயந்துவிட்டேன். எழுதுங்கள். ஆனால் அதில் எது கதை, எது இல்லை என்று முடிவில் சொல்லிவிடுங்கள்.

மித்ரா


ஆஸ்டின் டவுன்
22 ஜூன் 2025

அருமை மருமகள், சூரியனுக்கே அத்தை மகள், சங்கமித்ராவுக்கு, சைக்கிள் ஸ்டாண்டின் சர்வாதிகாரி நாகேஷ் எழுதுவது. ஜெய்பீம். உன் அம்மா நலம். நானும் நலம். எனக்கு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள், ஒரு கால் குட்டை. எனக்கும் ஒரு கால் சரியில்லை என்பதால் இருவருக்கும் ஒத்துப்போகிறது.

சென்ற புதன்கிழமை மாலை, கொட்டுகிற மழையில், ஹரிஷ்குமார் உன் முறைப்படி இருபத்து நாலு கண்ணாடி செய்தான். இருபத்து நாலும் கறுத்தன. சாதாரணக் கறுப்பா? மமதா மேடம் எட்டிப் பார்த்து, தலை வாரிக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று சீப்புக்கு ஆள் அனுப்பினார். பிறகு மேஜை மேல் ஏறி ஆடினார். ஆட்டம் தாங்காமல் மேகம் விலகி, மாலை ஆறரை மணிக்குச் சூரியன் தலையை நீட்டி, "யாருப்பா என்னிய கூப்ட்டது?" என்று கேட்டது.

உடனே ஆஸ்டின் டவுனில் சுவிட்சைத் தொடாமலே எல்லா விளக்கும் எரிந்தன. லிங்கராஜபுரத்தில் கிரைண்டர்கள் தாமே சுற்றி, அரிசி இல்லாமலே மாவு அரைத்துத் தள்ளின. ஓசூர் ரோட்டில் அத்தனை சிக்னலும் ஒரே நேரத்தில் பச்சை விழுந்து, வரலாற்றில் முதல் தடவையாக எல்லாரும் வீட்டுக்குச் சீக்கிரம் போய், என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். மின்சார வாரியத்து என்ஜினியர்கள் மாலையோடு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து, "ஐயா, கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லுங்க, எங்களால தாங்க முடியல" என்று என் காலில் விழுந்தார்கள். குட்டைக் காலில். ஸ்வீடனுக்கு ஒரு வயர் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வை.

இனி, நீ கேட்டபடி.

சூரியன் வரவில்லை. மேடம் ஆடவில்லை. "சரி, நாளைக்கு அளக்கலாம்" என்று குடையை விரித்துக்கொண்டு போனார். ஓசூர் ரோட்டில் நான் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். இருபத்து மூன்று கண்ணாடி வெளுத்துப் புள்ளி விழுந்து குப்பைக்குப் போயின.

நான் லேப்புக்குள் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ரெயின்கோட்டில் நின்றிருந்தேன். அரை மணி நேரம் நின்றிருப்பேன். ஹரிஷ்குமார் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, "அங்கிள், ஒண்ணு வந்துருச்சுங்க!" என்றான்.

அந்த ஒன்று உண்மை. ஒன்பதாவது கண்ணாடி. ஓரம் வரைக்கும் கறுப்பு, ஒரு புள்ளி இல்லை. மறுநாள் அது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளந்தார்கள். மேடம் இரண்டு தடவை அளக்கச் சொன்னார். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கிறார்கள்.

அந்த நேரத்தில் மீட்டர் என்ன காட்டியது என்று ஹரிஷ்குமார் என்னிடம் சொன்னான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பார்த்தவன் அவன். அவனே உனக்கு எழுதுவான்.

நாகேஷ்